லாங்வால் சுரங்கத்துக்கு மேலே நிலம் இறங்குவதை எப்படி அளப்பது?

உப்பளம்_சர்வே:
வணக்கம். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களுக்கு லெவல் எடுத்துக் கொடுப்பதுதான் இதுவரை என் வேலை. அடுத்து தெலங்கானாவில், ராமகுண்டம் பக்கம் ஒரு டீமில் சேரப் போகிறேன். லாங்வால் முறையில் நிலக்கரி எடுக்கிற பேனலுக்கு (ஒரே தொகுதியாகக் கரி வெட்டி எடுக்கும் நீளமான பகுதி) மேலே தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டுமாம். பாத்தியில் விரல்கடை அளவு ஏறி இறங்கினாலே தண்ணீர் ஒரு மூலையில் போய் நின்றுவிடும், அதனால் லெவல் பார்ப்பதில் எனக்குப் பயமில்லை. ஆனால் தரையே நகர்கிற இடத்தில் பென்ச்மார்க்கை (மற்ற மட்டங்களை ஒப்பிடும் நகராத புள்ளி) எங்கே வைப்பது, பெக் (அளப்பதற்காகத் தரையில் ஊன்றும் முளை) எவ்வளவு தூரத்துக்கு ஒன்று, மேலே வீடோ குளமோ இருந்தால் எதைப் பார்த்து ஆபத்து என்று சொல்வது? சேட்டிலைட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றும் ஒருவர் சொன்னார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்புல்லாணி_பெரியவர்:
தம்பி, சுரங்க சர்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். முதலில் கீழே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள். கரியை வெட்டிக்கொண்டே மெஷின் முன்னால் போகும், கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் சப்போர்ட்டும் கூடவே நகரும், பின்னால் விட்ட இடத்தில் கூரை இடிந்து விழும். அந்த இடிபாட்டை நாங்கள் கோஃப் என்போம். அந்தச் சரிவு மேலே மேலே ஏறி, கடைசியில் தரையில் நீளமான பள்ளமாகத் தெரியும். நம் நாட்டில் 1978-இல் ஜார்க்கண்டில் ஜாரியா பக்கம் மூனிடி சுரங்கத்தில் இயந்திர லாங்வால் தொடங்கியது, நீ போகிற பக்கத்தில் அட்ரியாலா சுரங்கம் 2014 வாக்கில் வந்தது.

உதாரணத்துக்கு ஆழம் 300 மீட்டர், வெட்டுகிற கரி 3 மீட்டர், பேனல் அகலம் 250 மீட்டர் என்று வைத்துக்கொள். அகலம் ஆழத்தைப்போல 1.2 முதல் 1.4 மடங்கு வந்தால்தான் முழு இறக்கம் கிடைக்கும் (பாறையைப் பொறுத்து மாறும்), அப்போது வெட்டிய உயரத்தில் பாதிக்கு மேல், 60 சதவீதம் என்று எடுத்தால் 1.8 மீட்டர். இங்கே 250-தான், அதனால் குறைவாகவே இறங்கும். ஆனால் அதை வைத்துத் தப்பித்தோம் என்று எழுதிவிடாதே. மேலே கெட்டியான மணற்கல் இருந்தால் பாலம்போல் தாங்கி நிற்கும், பக்கத்துப் பேனலையும் எடுத்த பிறகு இரண்டுக்கும் சேர்த்து இறங்கும். முதல் பேனல் ரீடிங்கை மட்டும் நம்பி முடிவு சொன்ன ரிப்போர்ட் எதையும் நான் மதிப்பதில்லை.

பெக் இடைவெளிக்கு ஆழத்தில் இருபதில் ஒரு பங்கு என்பது பழைய வழக்கம், இங்கே 15 மீட்டர். பேனலுக்குக் குறுக்கே ஒரு வரிசை, நெடுக ஒரு வரிசை. பாதிப்பு பேனல் ஓரத்தோடு நிற்காது. செங்குத்துக் கோட்டிலிருந்து 35 டிகிரி வெளியே போகும் என்று வைத்தால் 210 மீட்டர். பென்ச்மார்க் அதற்கும் நன்றாக அப்பால், அதுவும் ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டும். முகப்பு (கீழே கரி வெட்டிக்கொண்டு முன்னேறும் முனை) வருவதற்கு முன்பே முதல் ரீடிங் எடுத்துவிட வேண்டும், அது இல்லாமல் பிறகு எடுக்கிற எதற்கும் அர்த்தமில்லை.

அப்புறம் முக்கியமான விஷயம். வீட்டை உடைப்பது இறக்கம் இல்லை. ஊரே ஒரே சீராக ஒரு மீட்டர் இறங்கினால் சுவரில் கீறல்கூட விழாது. பக்கத்துப் பக்கத்துப் பெக் இறங்குவதில் வரும் வித்தியாசம் சாய்வு, அவற்றுக்கு இடையிலான தூரம் கூடுவதும் குறைவதும் இழுவை, அழுத்தம். 15 மீட்டர் 30 மில்லிமீட்டர் நீண்டால் மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் இழுவை, 20 மீட்டர் நீளமுள்ள கட்டிடத்தில் அது 40 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஓரத்தில் இழுவை, நடுவில் அழுத்தம். முகப்பு நகர நகர ஒரே வீடு முதலில் இழுபட்டு, பிறகு நசுங்கும். அதனால் லெவலோடு நிற்காமல் தூரத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் அள.

தேவிபட்டினம்_ரேடார்:
சேட்டிலைட் பற்றி: சென்டினல்-1 என்ற ஐரோப்பிய சேட்டிலைட்டின் ரேடார் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. அடுத்தடுத்த இரண்டு படத்துக்கு நடுவே பள்ளத்தின் மையம் பல பத்து சென்டிமீட்டர் இறங்கினால் கணக்கு குழம்பிவிடும், செடி கொடி அடர்ந்த இடத்தில் இன்னும் மோசம். ஓரத்தில் மெதுவாக நடக்கும் சின்ன அசைவுக்கு அருமையாக வரும், பாதிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று காட்டும். 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் சேட்டிலைட்டில் நீண்ட அலை ரேடார் உண்டு, அது செடிகளுக்கு நடுவிலும் மேல். என்றாலும் பெக்கை விட்டுவிடாதீர்கள் சகோ.

கண்மாய்க்கரை:
குளம் என்றீர்களே, அதைச் சும்மா விடாதீர்கள். நம் ஊர்க் கண்மாய் கணக்கிலேயே யோசியுங்கள். கலுங்குதான் கரையிலேயே தாழ்ந்த இடம், மிச்சத் தண்ணீர் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கரையின் நடுப்பகுதி ஒரு மீட்டர் இறங்கினால் தண்ணீர் கலுங்கைத் தேடாது, அங்கேயே கரை மேல் வழிந்து அறுத்துக்கொண்டு போய்விடும். இதில் இழுவை விரிசலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் டியூக் ஏரி என்று ஒன்று, 2005-இல் அணையில் விரிசல் விட்டு ஏரியையே காலி செய்தார்கள். லாங்வால் சுரங்கம்தான் காரணம் என்று அந்த மாநில சுற்றுச்சூழல் துறை பிறகு சொன்னது. கரை மேலேயே தனி பெக் வரிசை போடுங்கள், கலுங்கு மட்டத்தையும் மடை மட்டத்தையும் ஒவ்வொரு தடவையும் எடுங்கள்.

உப்பளம்_சர்வே:
ரொம்ப நன்றி, பெரியவரே, எல்லோருக்கும். கரை வரிசை எனக்குத் தோன்றவே இல்லை. முகப்பு தாண்டிப் போன பிறகு எவ்வளவு நாள் அளக்க வேண்டும்?

திருப்புல்லாணி_பெரியவர்:
முகப்பு நெருங்கும்போதும் அடியில் கடக்கும்போதும் வாரம் ஒரு தடவையாவது. பெரும்பகுதி இறக்கம் அப்போதே முடிந்துவிடும். பிறகு மாதம் ஒன்று, அடுத்தடுத்த ரீடிங்கில் மாற்றம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும் வரை. மழைக்காலத்துக் களிமண் வீங்கிச் சுருங்கும், பெக்கை ஆழமாக ஊன்றி கான்கிரீட் போடு. வீடுகளில் ஏற்கெனவே உள்ள விரிசலை ஸ்கேல் வைத்துத் தேதியோடு போட்டோ எடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்காரர் கையிலும் கொடுத்துவிடு தம்பி. நாளைக்கு நஷ்டஈடு கேட்கப் போகிறவர் கையில் அது ஒன்றுதான் இருக்கும்.