201 மீட்டர் டிரேக்: 125 டூ-ஸ்ட்ரோக் பிரிவுக்கு இன்னும் போட்டிகள் வேண்டுமா?

மெயின்ஜெட்:
சுங்கை சிப்புட் வட்டாரத்து மோட்டார் பிரியர்களுக்கு வணக்கம். போன மாதம் தெற்கே ஒரு டிரேக் போட்டிக்குப் போயிருந்தோம். இரண்டிரண்டு மோட்டாராக நேர் பாதையில் 201 மீட்டர் ஓடுகிற பந்தயம் அது. நம் ஊரிலிருந்து நாலு மோட்டார், ஒரு லோரி. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். அன்றைக்கு அதிகம் பேர் பெயர் கொடுத்திருந்தது 125 டூ-ஸ்ட்ரோக் பிரிவுக்குத்தான். ஆனால் காடிகள் எல்லாம் ஓடி முடித்து எங்களைக் கூப்பிடும்போது மாலை ஆறேகால். பாதையில் எண்ணெய் சிந்தி, அதன் மேல் தூள் கொட்டிக் கிடந்தது. நேரலைக் கேமராவை அதற்குள் மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

நடந்தது என்ன தெரியுமா? நம் தோட்டத்துப் பையன் அரையிறுதியில் எடுத்த நேரம் 8.52 வினாடி. எதிராளி எடுத்தது 8.44. காகிதத்தில் பார்த்தால் எதிராளிதான் வேகம். ஆனால் பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்ப நம்மவன் எடுத்துக்கொண்டது 0.041 வினாடி, அவன் எடுத்துக்கொண்டது 0.173. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 8.561க்கு 8.613. ஒரு மோட்டார் நீளத்தில் ஜெயித்தான். மஞ்சள் விளக்கு எரியும்போது அவன் கிளட்ச் விரல் நடுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்றவர்களுக்குக் காட்ட ஒரு துண்டு வீடியோ கூட இல்லை. மடித்து மடித்து ஓரம் நைந்துபோன அந்த நேரச்சீட்டு மட்டும்தான் அவன் பையில் இருக்கிறது.

இந்தப் பிரிவுக்குப் பேராக்கில் ஆண்டுக்கு மூன்று நாலு போட்டியாவது வேண்டும், அதைப் படம் பிடிக்கவும் ஆள் வேண்டும் என்கிறேன்.

வார்டு_6:
அண்ணே, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருக்கிறேன். பதினொரு வருஷம் எலும்பு வார்டு. உங்கள் பையன் ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் படம் பிடித்துப் பரப்ப வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

என் தம்பி பதினேழு வயதில் தோட்டத்துத் தராசுக்கு முன்னால் இருக்கும் நேர் ரோட்டில் விழுந்தான். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. சிலுவாரைக் கத்தரித்து எடுக்கும்போது சிவப்பு மண் உள்ளே வரை அப்பியிருந்தது. அவன் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அதில் இருந்ததெல்லாம் டிரேக் வீடியோ. விளக்கு எரிகிறது, மோட்டார் பாய்கிறது, எட்டு வினாடியில் முடிந்துவிடுகிறது. ஹெல்மெட் சோதனையோ கவச உடையோ முடிவுக் கோட்டுக்குப் பின்னால் காத்திருக்கும் ஆம்புலன்ஸோ எதிலும் இல்லை. நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் ஓட்டுபவர்கள். பதினாறு வயதிலேயே பி2 மோட்டார் லைசென்ஸ் எடுக்கலாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வீடியோ என்ன சொல்லிக் கொடுக்கும் என்று யோசித்தீர்களா?

நாலாம்_லயம்:
அக்கா, உங்கள் தம்பிக்கு நடந்தது கேட்டு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் போட்டி நடக்கும் வாரத்தில் எங்கள் கூட்டாளிகள் யாரும் ரோட்டில் இழுப்பதில்லை. மோட்டாரைக் கழற்றிப் போட்டிருப்போம், எப்படி இழுப்பது? போட்டி இல்லாத மாதங்களில்தான் ரோட்டுக்குப் போகிறார்கள். போட்டி ஓடுகிற எங்களையும் ஊரில் ரெம்பிட், அதாவது ரோட்டில் ரேஸ் விடுகிற கூட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஐந்து_கியர்:
எனக்கு வேறு ஒரு கேள்வி. ஏன் டூ-ஸ்ட்ரோக்? யமாஹா 125 இசட்ஆர் உற்பத்தி நின்று பல வருஷம் ஆகிவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு மோட்டார் இன்றைக்குப் புதிதில் விற்றதைவிடப் பல மடங்கு விலை. பிளாக் தேய்ந்தால் அசல் சாமான் கிடைப்பது குதிரைக் கொம்பு. பால்மரம் வெட்டுகிறவர் மகன் இதில் எப்படி நுழைவான்?

கப் பிரிக்ஸ் என்ற நம் நாட்டு மோட்டார் பந்தயத்தைப் பாருங்கள். 1994ல் தொடங்கியது, கப்சாய் என்கிற சின்ன மோட்டாரை வைத்தே ஓட்டப்பந்தயத்துக்கு ஒரு ஏணி போட்டார்கள். அங்கே ஓடிய ஹஃபிஸ் ஷாரின் 2018ல் உலகப் பந்தயமான மோட்டோ ஜிபியில் முழு சீசன் ஓட்டினார். டிரேக்கில் ஜெயித்தவன் அடுத்து எங்கே போவான்? கேமராவும் காசும் இருந்தால் 150 ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குக் கொடுங்கள். 2015ல் வந்த யமாஹா ஒய்15 வீட்டுக்கு ஒன்று நிற்கிறது.

மெயின்ஜெட்:
ஐந்து_கியர், சாமான் விஷயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் டூ-ஸ்ட்ரோக்கை வைத்து ஒரு பையன் கற்றுக்கொள்கிற வேலையை வேறு எதிலும் கற்க முடியாது. ஒரு ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பார்க்க வேண்டும். பால் காப்பி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்னொரு ஓட்டம் ஓடினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் விடும் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்ற வேண்டும். கருத்து ஈரமாக இருந்தால் இறக்க வேண்டும். காலையில் பனியில் சரியாக இருந்த ஜெட் மதிய வெயிலில் சரியாக இருக்காது, காற்றின் அடர்த்தி குறைந்துவிடும். புகைக்குழாயின் வயிறு எத்தனை அங்குலம், கூம்பு எந்த இடத்தில் குறுக வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் சக்தி எந்த ஆர்பிஎம்மில் வரும் என்பது அமையும். என் பட்டறையில் எஸ்பிஎம் பரீட்சையில் கணக்கு தேறாத ஒருவன் இதையெல்லாம் சிட்டை நோட்டில் எழுதி வைக்கிறான். அவன் எங்கே போவான் என்கிறீர்களா? நல்ல ஃபோர்மனாகப் போவான்.

மிஸ்ஸிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் என்எச்ஆர்ஏ என்ற டிரேக் அமைப்பு நடத்தும் புரோ ஸ்டாக் மோட்டார்சைக்கிள் பிரிவில் 2000, 2001, 2002 மூன்று வருஷமும் தொடர்ந்து சாம்பியன் ஆனவர் ஏஞ்சல் சாம்பி என்ற பெண். அவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவர்தான். கால் மைல் தூரத்தை ஏழு வினாடிக்குள் கடக்கிற மோட்டார் அது. அந்தப் பிரிவுக்கும் இதே குறைதான். காடிகள் ஆண்டுக்கு 24 போட்டி ஓடிய காலத்தில் மோட்டாருக்கு 16தான் கொடுத்தார்கள்.

செம்பனை_லோரி:
அந்த லோரி என்னுடையதுதான், அதனால் காசுக் கணக்கை நான் சொல்கிறேன். டீசல், டோல், பதிவுக் கட்டணம், நாலு பேர் சாப்பாடு, ரேஸ் பெட்ரோல், ஒரு டயர். ஒருத்தனுக்கு அறுநூறு வெள்ளிக்குக் குறையவில்லை. ஜெயித்த பையனுக்குக் கிடைத்த பரிசு முந்நூறு. மெயின்ஜெட் அண்ணன் கேட்கிற மாதிரி போட்டியைக் கூட்டினால் பையன்கள் கடன் வாங்குவார்கள். நகைக்கடையில் அம்மா சங்கிலியை வைத்து வந்த ஒருவனை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவைச் சொன்னீர்கள், அங்கேயே 2019ல் புரோ ஸ்டாக் காடிப் பிரிவை 24லிருந்து 18 போட்டியாகக் குறைத்தார்கள். செலவு தாங்காமல் ஆட்கள் விலகிக்கொண்டிருந்தார்கள். கேமரா கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். போட்டியின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

நாலாம்_லயம்:
அண்ணே, தூரத்தில் நடப்பதால்தானே அந்தச் செலவு? இங்கேயே நடத்தினால்? தோட்டத்துப் பந்துத் திடல் சும்மாதான் கிடக்கிறது. இல்லையென்றால் பழைய செம்மண் ரோட்டுக்கு ஒரு தார் போட்டுவிட்டால் போதும்.

செம்பனை_லோரி:
தம்பி, ஆசை சரி, கணக்கைப் பார். பந்துத் திடல் நூறு மீட்டர்தான். ஓட வேண்டியது 201. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு 128 கிலோமீட்டர், அதாவது ஒரு வினாடிக்கு முப்பத்தைந்து மீட்டர். நல்ல தாரில், நல்ல பிரேக் இருந்தாலே நிற்க நூற்றைம்பது மீட்டர் ஆகும். உங்கள் டிரேக் மோட்டாரில் பாரம் குறைக்க மெல்லிய டயர், வயிற்றை சீட்டில் வைத்துக் காலைப் பின்னால் நீட்டிப் படுத்து வருகிறீர்கள். எழுந்து உட்காரவே ஒரு வினாடி போய்விடும். பின்னால் முந்நூறு மீட்டராவது காலியாக வேண்டும். மொத்தம் அரைக் கிலோமீட்டர் நேர் தார், இரண்டு பக்கமும் மரம் இல்லாமல். செம்பனைக் காட்டு ரோட்டில் ஓரத்திலேயே கால்வாய் ஓடுகிறது. மிஸ்ஸியின் தம்பி விழுந்த ரோடு எனக்குத் தெரியும். அங்கே நாற்பது மீட்டர் கூட மிச்சம் இல்லை.

வார்டு_6:
நன்றி அண்ணே. இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்குக் கணக்காகச் சொல்லத் தெரியவில்லை.

மெயின்ஜெட் அண்ணன் சொன்னதும் நானும் தேடிப் படித்தேன். 2008ல் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் நியூ ஜெர்சியில் இறந்த பிறகு, அந்த அமைப்பு மிக வேகமான இரண்டு பிரிவுகளுக்குத் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்துவிட்டது. நிற்பதற்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக. எத்தனை பேர் ரசிக்கும் பந்தயம் அது! அவர்களே பாரம்பரியத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் நடத்துகிறவர்கள் எதை விட்டுக்கொடுக்கத் தயார்?

மெயின்ஜெட்:
நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

போட்டியின் எண்ணிக்கையில் லோரி அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மூன்று நாலு வேண்டாம், ஆண்டுக்கு இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டும் ஈப்போவுக்கு அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம், ஒன்றை பிராக்கெட் முறையில் நடத்த வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓடும் முன் உன் மோட்டார் எத்தனை வினாடியில் ஓடும் என்று நீயே எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான மோட்டாருக்குப் பச்சை விளக்கு முதலில் எரியும், வித்தியாசத்துக்கு ஏற்ப வேகமான மோட்டாருக்குப் பிறகு எரியும். எழுதிக் கொடுத்ததைவிட வேகமாக ஓடினால் தோல்வி. அப்பாவின் பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5ஐக் கொண்டுவந்தாலும் இசட்ஆரை ஜெயிக்கலாம். வேகத்துக்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டியதில்லை. ஐந்து_கியரின் ஒய்15க்கும் இதில் இடம் இருக்கிறது.

ஆனால் 125 டூ-ஸ்ட்ரோக் பிரிவு தனியாகவே இருக்க வேண்டும், அதையும் பகல் வெளிச்சத்தில் ஓட வைக்க வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன். அதிகம் பேர் பதிவுக் கட்டணம் கட்டுகிற பிரிவைக் கடைசியில் தள்ளுவது தப்பு.

ஐந்து_கியர்:
பிராக்கெட் என்றால் நான் வருகிறேன். டூ-ஸ்ட்ரோக்குக்குத் தனிப் பிரிவு இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதில் என் சந்தேகம் அப்படியே இருக்கிறது. சாமான் தீர்ந்ததும் ஆளும் தீரும்.

வார்டு_6:
அண்ணே, வீடியோ எடுப்பதானால் ஒன்று செய்யுங்கள். ஹெல்மெட் சோதனையிலிருந்து தொடங்குங்கள். கோட்டைத் தாண்டிய பிறகு மோட்டார் முழுசாக நிற்கிற வரை கேமராவை அணைக்காதீர்கள். எட்டு வினாடித் துண்டாக வெட்டிப் போட்டால் நான் எதிர்ப்பேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போட்டி நாள் ஞாயிறாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் தெரியப்படுத்துங்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு முதலுதவிக் கூடாரத்துக்கு வருகிறேன். என் தம்பியைக் கூட்டி வர மாட்டேன். அவன் இன்னும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான்.

மெயின்ஜெட்:
நிற்கிற வரை எடுக்கிறோம், மிஸ்ஸி. நாலாம்_லயம், நாளைக்கு வேலை முடிந்து பட்டறைக்கு வா. அளவு டேப் எடுத்துக்கொண்டு போய் இடம் பார்ப்போம்.