ஏற்காடு ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங்: பழைய 350 சிசி வண்டிக்கு உதவி தேவை

கேள்வி (அஸ்தம்பட்டி):
வணக்கம். அப்பா 1988இல் வாங்கிய, பாயிண்ட் (பிளக்கில் நெருப்பு வர மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள்) வைத்த 350 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டியை இன்றும் ஓட்டி வருகிறேன். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதை நெருங்கும்போது மிஸ்ஸாக (எஞ்சின் விட்டுவிட்டு எரிய) தொடங்கி, சைலன்சரில் வெடித்து, இரண்டாம் கியரில்கூட இழுக்க மறுக்கிறது. அரை மணி நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறிவிடுகிறது. பட்டறையில் இருமுறை கார்புரேட்டரைக் கழுவி, புது பிளக்கும் போட்டாயிற்று. வேறு எங்கே பார்ப்பது?

பதில் (சூரமங்கலம்):
மிஸ்ஸிங் வந்ததும் டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைந்திருந்தால் பெட்ரோல் இறங்காது; திறந்தவுடன் சரியாகிவிடும்.

பதில் (ஏற்காடு):
தம்பி, அதையும் பாருங்கள். ஆனால் சூட்டில் வந்து, ஆறினால் போகிற மிஸ்ஸிங் என்றால் எனக்கு முதல் சந்தேகம் கன்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் சிறு மின்தேக்கி) மீதும், அடுத்தது காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மீதும்தான். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடுவதால், அங்கே எதைச் சோதித்தாலும் நல்ல நிலையில் இருப்பதாகவே தெரியும். ஆகவே நின்ற இடத்திலேயே, சூடு தணியும் முன் பாருங்கள். பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டுக் கிக்கரை உதைக்கும்போது, பாயிண்டுகளுக்கு இடையே பெரிய மஞ்சள் பொறி பறந்தால் கன்டென்சர் போய்விட்டது என்று கொள்ளலாம். அங்கே பொறி சிறிதாக இருந்தும் பிளக்கில் நெருப்பு மெலிந்து வந்தால் காயிலைச் சந்தேகியுங்கள். பிளக்கைக் கழற்றிச் சோதிக்கும் முன் பெட்ரோல் டேப்பை அடைத்து, பிளக்கை அதன் துளையிலிருந்து தள்ளி வைப்பது மிக முக்கியம். துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. ஞாயிறன்று எட்டாவது வளைவிலேயே நின்றுவிட்டது. டேங்க் மூடியைத் திறந்தும் மாற்றமில்லை. பாயிண்டில் நீங்கள் சொன்ன அதே மஞ்சள் பொறி. ஒரு பாயிண்டின் முகத்தில் குழியும், எதிர்முகத்தில் அதற்கு ஈடான சிறு மேடும் இருந்தன. கன்டென்சரையும் பாயிண்டையும் மாற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளியை 0.38 மில்லிமீட்டராக அமைத்தேன். நேற்று ஏரி வரை நிற்காமல் இருமுறை ஏறினேன், ஒருமுறைகூட மிஸ்ஸாகவில்லை. மேலே போய்ப் பிளக்கைக் கழற்றினால் சற்றுக் கறுத்திருக்கிறது. மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) குறைக்கலாமா?

பதில் (ஏற்காடு):
வேண்டாம் தம்பி. இங்கே உயரம் சுமார் 1,500 மீட்டர். காற்று மெலிவதால் அதே ஜெட்டில் கலவை சற்றுக் கொழுக்கத்தான் (காற்றைவிடப் பெட்ரோலின் பங்கு கூடத்தான்) செய்யும். மேலே பார்த்து ஜெட்டைக் குறைத்தால், சேலத்து வெயிலில் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். கீழே ஓட்டிய பின் பிளக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.