இயந்திரமில்லாத ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பலைத் துறைமுகத்துக்குள் எவ்வாறு கொண்டுவருகிறார்கள்?

வெள்ளவத்தை வாசகன்:
அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ரொக்லண்ட் துறையிலிருந்து, 1871இல் கட்டப்பட்ட ஸ்டீபன் டேபர் என்ற மர ஸ்கூனர் இன்றும் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. கப்பலுக்குள் இயந்திரம் கிடையாது. கொழும்புத் துறைமுகத்தில் பெரிய கொள்கலன் கப்பல்களே இழுவைப் படகுகளின் துணையோடு வரும்போது, காற்று விழுந்துவிட்டால் அதன் கப்டன் என்ன செய்வார்? இந்தத் தொழிலை எங்கே கற்கிறார்கள்?

கொட்டாஞ்சேனை மாலுமி:
அத்தகைய ஸ்கூனர்களின் பின்புறத்தில் இயந்திரம் பூட்டிய சிறு படகு ஒன்று தொங்கவிடப்பட்டிருக்கும். காற்றில்லாதபோது அதை இறக்கி, அதன் மூக்கைக் கப்பலின் பின்பக்கத்தில் முட்டவைத்துத் தள்ளச் செய்வார்கள். படகிலிருப்பவருக்கு முன்னால் எதுவும் தெரியாது. சுக்கானைப் பிடித்திருக்கும் கப்டனின் உத்தரவே அவருக்குக் கண். அந்தப் படகு நன்றாகத் தள்ளுமே தவிர, கனத்த மரக்கப்பலை நினைத்த இடத்தில் நிறுத்திவிடாது. ஆகவே எந்த இடத்தில் பாயை இறக்கினால் கப்பல் தன் வேகத்திலேயே ஊர்ந்து துறைமேடையருகே வந்து ஓயும் என்பதைக் கப்டன் முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

கொழும்பில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ரொக்லண்டிலோ ஏறத்தாழ பத்து அடி (மூன்று மீற்றர்). அதனோடு மூடுபனியும், எங்கு பார்த்தாலும் சிங்கி இறால் கூடுகளின் மிதவைகளும். அமெரிக்கக் கரையோரக் காவற்படை வழங்கும் உரிமத்தில் பாய்க்கப்பல் செலுத்தும் தகுதி தனியாகக் குறிக்கப்படும். ஆனால் கையில் உரிமம் இருப்பவரெல்லாம் இதைச் செய்துவிட முடியாது; இந்த ஸ்கூனர் கப்டன்களுள் பலர் மேற்தளப் பணியாளராகக் கயிறு இழுத்தே தொடங்கியவர்கள்.

வல்வைப் பெயரன் (தெஹிவளை):
நம்முடைய தண்டையல்மார் (பாய்க்கப்பல் தலைவர்கள்) கற்றதும் அவ்வழியில்தான். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, 89 அடி நீளமான அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் அதில் சென்று, சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலையும் பின்னர் அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டரை அடைந்தார்கள். ஸ்கூனர்களுக்கே பேர்போன ஊர் அது! வாடையும் (வடகிழக்குக் காற்று) சோளகமும் (தென்மேற்குக் காற்று) மாறும் காலமறிந்து புறப்படும் பழக்கமே அவர்களுடைய முதல் பாடம் என்பது என் கருத்து. 1885இல் தென்மேற்கு அலைதடுப்பு முடியும்வரை கொழும்பும் சோளகத்துக்குத் திறந்தே கிடந்தது. அக்காலத்தில் இங்கே நங்கூரமிடுவதா என்பதே ஒரு தண்டையலின் அனுபவத்தைச் சோதித்திருக்கும்.

வெள்ளவத்தை வாசகன்:
இருவருக்கும் நன்றி. காற்று பின்னாலிருந்து வந்தால் ஸ்கூனரைச் செலுத்துவது எளிதல்லவா?

கொட்டாஞ்சேனை மாலுமி:
இல்லை, அப்போதுதான் கப்டன் கண்ணை எடுக்க மாட்டார். ஸ்கூனரின் பெரும்பாய் ஒரு நீண்ட கனத்த மரத்தில் கட்டப்பட்டு, கப்பலின் நீளப்போக்கில் நிற்கிறது. பின்காற்று சற்றே திசை மாறிப் பாயின் மறுபுறத்தில் பட்டால், அந்த மரம் மேற்தளத்தின் குறுக்கே ஒரே வீச்சில் மறுபக்கம் போய்விடும். நடுவில் நிற்பவரின் உயிரும் போகலாம், கயிறுகள் அறுந்து பாய்மரமும் முறியலாம். இதற்காக அம்மரத்தை முன்பக்கமாக இழுத்துக் கட்டுவதுண்டு. இருந்தாலும், சிறிது தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு வளைந்து செல்வதையே அனுபவமுள்ளவர்கள் விரும்புகிறார்கள்.