உரம் ஊற்றியும் காபி நாற்று மஞ்சளாவது ஏன்?

நாகலூர்க்காரன்:
ஏற்காடு நாகலூரில் சிறிய காபி நாற்றங்கால் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் கீழ்ப்படியில் அடுக்கியிருந்த பாலிதீன் பைகளில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அடியிலை மஞ்சளானதும் யூரியா கரைத்து ஊற்றினேன்; தேறவில்லை. அதே மண், அதே எருதான். மேல்படி நாற்றுகள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. தண்ணீரோடு சேர்ந்து உரமும் தானாக வேருக்குள் போய்விடாதா?

சில்வர் ஓக்:
சத்தை மழை அடித்துக்கொண்டு போயிருக்கும். இன்னொரு முறை யூரியா ஊற்றுங்கள்.

அஸ்தம்பட்டி டீச்சர்:
ஊற்றாதீர்கள் ஐயா. தானாகப் போகாது. வேர் செல்லின் சவ்வில் நடுவே இருப்பது கொழுப்பு. யூரியா மண்ணில் மாறிக் கிடைக்கும், மின்னூட்டமுள்ள நைட்ரேட்டை அது விடவே விடாது. போதாக்குறைக்கு செல்லின் உட்புறம் எதிர் (நெகட்டிவ்) மின்னழுத்தம், நைட்ரேட்டும் எதிர் மின்னூட்டம்; ஒன்றையொன்று தள்ளும்.

அதனால் வேர் சுற்றுவழியில் போகிறது. சவ்வில் பம்ப் போலப் பதிந்த ஒரு புரதத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி வந்து ஒட்டும். அதன் பாஸ்பேட் புரதத்தில் தொற்றிக்கொண்டதும் புரதம் வடிவம் மாறும். உட்புறம் திறந்திருந்த வாய் மூடி, வெளிப்புறம் திறக்கும். ஹைட்ரஜன் அயனி ஒன்று வெளியேறும். பாஸ்பேட் கழன்றால் பழைய வடிவம். ஒரு ஏடிபிக்கு ஒரு அயனி, கறார்.

வெளியே குவிந்த அயனிகள் உள்ளே திரும்ப முண்டும். திரும்பும் வழியில் இருப்பது இணை கடத்தி என்ற வேறு புரதம். இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் நுழையும்போது ஒரு நைட்ரேட்டையும் அது சேர்த்து இழுத்துக்கொள்ளும். இந்தப் புரதம் ஏடிபியைத் தொடுவதே இல்லை. செலவெல்லாம் முதல் புரதத்துடையது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பைக்கு வருவோம். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வேர் மூச்சுமுட்டினால், ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி எடுத்த செல்லுக்கு நொதித்தலில் கிடைப்பது 2 மட்டுமே. பம்ப் படுத்துவிடும். குருத்தைக் காப்பாற்ற, செடி அடியிலையின் நைட்ரஜனைப் பிடுங்கும், அதுதான் மஞ்சள். யூரியா நைட்ரேட்டாக மாறவும் மண்ணில் காற்று வேண்டும். சில்வர் ஓக் சொல்லும் இழப்பும் உண்டு. காற்றில்லாத மண்ணில் பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும். அதற்கும் வடிகால்தான் வழி.

பிளஸ் டூ மாணவி:
டீச்சர், நம் உடம்பிலும் இப்படித்தானா?

அஸ்தம்பட்டி டீச்சர்:
ஆமாம் அம்மா, ஆனால் நமக்கு சோடியம். ஒரு ஏடிபிக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. நண்டின் நரம்பில் இந்தப் பம்ப் புரதத்தைக் கண்டு டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ 1957-இல் எழுதினார், 1997-இல் நோபல். வயிற்றுப்போக்குக்கு உப்பையும் சர்க்கரையையும் சேர்த்துக் கரைத்துக் கொடுப்பதும் இதை நம்பித்தான். திரும்ப நுழையும் சோடியம் குடலில் குளுக்கோஸைக் கூட்டிவரும். பின்னால் தண்ணீர் வரும்.

நாகலூர்க்காரன்:
பையைப் புரட்டிப் பார்த்தேன், அடித்துளைகள் களிமண்ணில் அடைத்திருக்கின்றன. குத்திவிட்டு மேல்படிக்கு மாற்றுகிறேன். உரம் எப்போது?

அஸ்தம்பட்டி டீச்சர்:
வெள்ளை வேர் புதிதாகக் கண்ணில் படட்டும். அதுவரை யூரியா மூட்டையைக் கட்டியே வையுங்கள்.