கடினமான மனையில் முதியோர் இல்லம் கட்டியவர்களும் அங்கே பணியாற்றியவர்களும்: மனத்தை விட்டு நீங்காத ஒரு தருணத்தை எழுதுங்கள்

தளப்பொறியாளர்:

எங்கள் மனையின் மேற்குப் பாதி கெட்டியான நிலம்; கிழக்குப் பாதி, எப்போதோ எவரோ எதையெதையோ கொட்டித் தூர்த்த பள்ளம். 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு ஒரு குழாயை மண்ணில் இறக்கி, அதற்கு வேண்டிய அடிகளை எண்ணும் மண் சோதனையைச் செய்தோம்; அடிகள் கூடக்கூட நிலம் கெட்டி. மேற்கே முப்பதைத் தாண்டிய எண்ணிக்கை, கிழக்கே மூன்று, நான்கு என்று நின்றது. ஆகவே கிழக்குக்குப் பைல் (மண்ணில் ஆழமாக இறக்கும் தூண்), மேற்குக்குத் தனித்தனிக் கடைக்கால், இரு பாதிகளும் வெவ்வேறு அளவில் இறங்கலாம் என்பதால் நடுவில் ஓர் இடைவெளி, அதன்மேல் கறுப்பு ரப்பர் பட்டை என்று முடிவு செய்தோம். இல்லம் திறந்த எட்டாம் மாதத்தில் கிழக்குத் தரை 9 மி.மீ. இறங்கியிருந்தது. நாங்கள் கணக்கில் அனுமதித்திருந்த அளவுக்குள்தான் அது இருந்தது.

அதை அளக்கப் போயிருந்த அன்று, நினைவிழப்பு நோயுள்ள ஓர் அம்மையார் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் அந்தப் பட்டையின் முன் நின்றுவிட்டார். வெளிர்நிறத் தரையின் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டை இத்தகையவர்களின் கண்ணுக்குக் குழியாகத் தோன்றக்கூடும் என்பது எனக்கு அன்று தெரியாது. பட்டைக்கு அப்பால் நின்றுகொண்டு, "வாருங்கள் அம்மா" என்று கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்து, "அங்கே பள்ளம் இருக்கிறது தம்பி, நிற்காதே" என்றார். அந்த இடத்தில் ஒரு காலத்தில் பள்ளம் இருந்ததை அங்கு வசிக்கும் எவரிடமும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. நான் நின்றிருந்தது சரியாக அதன் விளிம்பில்.

இரவுப்பணிச் செவிலியர்:

எங்களுடையது மலைச்சரிவில் கட்டிய இல்லம். சரிவை அதிகம் வெட்டாமல் இருப்பதற்காகக் கட்டடத்தை ஒன்றரை மீட்டர் வித்தியாசத்தில் மூன்று தளங்களாகப் படிப்படியாக அமைத்து, அவற்றைச் சாய்வுதளங்களால் இணைத்திருந்தார்கள். 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் என்பது விதிப்படி சரியாம். ஆளும் சக்கர நாற்காலியுமாக 90 கிலோ என்றால், அந்த ஏற்றத்தில் ஏறத்தாழ ஏழரை கிலோ பாரம் ஓயாமல் நம்மைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கும் என்பதை அறிய, விதி எழுதியவர்கள் எங்களைப்போல் ஓர் இரவு முழுவதும் தள்ளிப் பார்த்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் பின்னிரவில் மேல்தளத்தில் புகை. பிறகு பார்த்தால் ஒரு மோட்டாரின் கம்பி கருகியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது அப்போது தெரியாது. முதியோர் இல்லத்தில் தீ என்றால் எல்லோரையும் வெளியே ஓட்டிச்செல்ல முடியாது; படுத்திருப்பவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு, அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்குக் கொண்டு போவதுதான் முறை. எங்களுக்கோ அடுத்த பகுதி ஒன்றரை மீட்டர் கீழே இருந்தது. நானும் உடன் பணியாற்றும் பெண்ணும் ஒரு பெரியவரின் கட்டிலைச் சாய்வுதளத்தில் இறக்கினோம். பாதி வழியில் திரும்ப வேண்டிய மேடையின் அகலம் ஒன்றரை மீட்டர். சக்கர நாற்காலி திரும்பும், இரண்டு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கட்டில் திரும்பாது. சுவரில் முட்டி நின்றது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகவும் அமைதியாக, "என்னை இங்கேயே விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்" என்றார். விரிப்போடு சேர்த்துத் தரையில் இறக்கி இழுத்துக்கொண்டு போனோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குரல் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கட்டமைப்பு வடிவமைப்பாளர்:

முதலில் எழுதிய பொறியாளருக்கு: கணக்கில் தவறில்லை என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. 9 மி.மீ. இறக்கத்தைத் தாங்குமா என்று கட்டடத்தைக் கேட்டீர்கள். காலைத் தூக்கி வைக்க முடியாமல் தேய்த்து நடப்பவர்களைக் கேட்கவில்லை. அலுவலகத்தில் எவரும் கவனிக்காத விளிம்பு இங்கே இடுப்பெலும்பை முறித்துவிடும். ஒரு நாளைக்குப் பல முறை கடக்க வேண்டிய சாப்பாட்டுக் கூடத்தின் வழியிலா இடைவெளியை வைப்பது?

இடைவெளியைத் தவிர்க்க முடியாவிட்டால், இரு பகுதிகளுக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர் நீளத்துக்கு இரு முனைகளிலும் தாங்கப்பட்டு நிற்கும் இணைப்புத் தளம் ஒன்றைப் போட்டிருக்க வேண்டும். அதே 9 மி.மீ. இறக்கம் 3 மீட்டரில் பரவிவிட்டால் காலுக்கும் தெரியாது, சக்கரத்துக்கும் தெரியாது. கட்டுவதற்கு முன்பே நிரப்பு மண்ணின்மேல் மேலும் மண்ணைக் குவித்துச் சில மாதங்கள் அழுத்தி வைத்திருந்தால், அமுங்க வேண்டியதில் பெரும்பகுதி அப்போதே அமுங்கியிருக்கும். பைல் போட்டால் போதும் என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று; நிரப்பு மண் தன் எடையாலேயே அமுங்கும்போது பைலின் பக்கங்களைப் பற்றிக்கொண்டு அதையும் கீழே இழுக்கும், அந்தக் கூடுதல் பாரத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இன்னொன்று, பைல்மேல் நிற்கும் கட்டடத்தைவிட அதைச் சுற்றியுள்ள தரை அதிகமாக இறங்கும். வாசலில் இல்லாத படி ஒன்று முளைக்கும், சுவரைக் கடந்து வெளியேறும் கழிவுநீர்க் குழாய் அந்த இடத்தில் முறியும். அங்கே வளைந்து கொடுக்கும் இணைப்புகளையே பயன்படுத்துங்கள், வாசல் தளத்தைக் கட்டடத்தோடு கீல்போல் பிணையுங்கள்.

செவிலியர் அம்மையாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சரிவான மனை என்றால் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் நீளமாகக் கட்டிடம் வைத்திருந்தால் அந்தச் சாய்வுதளமே தேவைப்பட்டிருக்காது. மண் வெட்டும் செலவும், வெட்டிய மண் சரியாமல் பிடிக்கும் தாங்குசுவரின் செலவும் கூடும், உண்மைதான். அதைக் கட்டுபவர் ஒருமுறை செலுத்துகிறார். இல்லாவிட்டால் உங்களைப் போன்றவர்கள் ஒவ்வோர் இரவும் செலுத்துகிறீர்கள்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வடிவமைத்த முதல் இல்லத்தின் வாசலில் முளைத்த அந்தப் படி 4 செ.மீ. உயரம். அதில் இடறி விழுந்தவர் அன்று தம் மகளை வழியனுப்ப வாசல்வரை வந்திருந்தார்.

தாங்குசுவர் மேஸ்திரி:

மேலே உள்ளவர் தாங்குசுவரைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டார். இன்னோர் இல்லத்தில் அத்தகைய சுவரைக் கட்டிய நான் சொல்கிறேன்: அது கட்டி முடித்ததோடு முடிவதில்லை. 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, வரிசை வரிசையாக நீர் வடியும் துளைகள் விட்டிருந்தேன். துளைகளிலிருந்து வடியும் செம்மண் நீர் சுவரை அழுக்காக்குகிறது என்று, வெள்ளையடிக்க வந்தவர்களை விட்டுச் சிமெண்டால் அடைத்திருக்கிறார்கள். எனக்குத் தகவல் இல்லை. சுவர் நெடுகிலும் தண்ணீர் 3 மீட்டர் உயரத்துக்கு நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே நாலரை டன் விசையோடு தள்ளும். மண் தள்ளுவது தனி.

விடாது பெய்த மூன்றாம் நாள் இரவில் அழைத்தார்கள். சுவரை அடுத்த அறைகளில் இருந்தவர்களை முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டு, கீழ் வரிசைத் துளையைக் குடைந்தேன். சிமெண்டு உடைந்த கணத்தில் தண்ணீர் என் மார்பில் வந்து அறைந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே இருந்த சன்னலுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. மாற்றிவிட்டதாகச் சொன்ன அறையில் ஒரு பாட்டி கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கணக்கெடுப்பில் அவரை விட்டுவிட்டிருக்கிறார்கள். துளையிடும் கருவியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

இரவுப்பணிச் செவிலியர்:

வடிவமைப்பாளர் ஐயா, நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை. கட்டிடத்தின் நீளத்தை முடிவு செய்யும் இடத்தில் நான் இருந்ததுமில்லை. ஆனால் வாசலில் விழுந்தவர் பிறகு என்ன ஆனார் என்பதை நீங்கள் எழுதவில்லையே. அதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கட்டமைப்பு வடிவமைப்பாளர்:

மீண்டும் எழுந்து நடந்தார் அம்மா, நான்கு மாதங்களுக்குப் பிறகு, ஊன்றுசட்டத்தின் துணையோடு. வாசல்வரை மட்டும் வர மறுத்துவிட்டார். வழியனுப்புவதெல்லாம் அறையிலேயே என்று ஆகிவிட்டது.

தளப்பொறியாளர்:

வடிவமைப்பாளர் கேட்டதற்கு விடை: கீழ்நோக்கி இழுக்கும் பாரத்தைச் சேர்த்திருந்தோம். நிரப்பு மண்ணை முன்கூட்டியே அழுத்தி வைக்க எங்களுக்குக் காலம் தரப்படவில்லை. சாப்பாட்டுக் கூடத்தைக் கிழக்கே வைத்தது காலை வெயிலுக்காக. அந்த முடிவை இன்றும் தவறென்று நினைக்கவில்லை, ஆனால் வழியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. கறுப்புப் பட்டையை எடுத்துவிட்டுத் தரையின் நிறத்திலேயே வேறொன்றைப் பதித்தோம். விளிம்பைத் தேய்த்து, இரு பக்கமும் நீளமான, மிக மெல்லிய சரிவாக்கினோம். அங்கே தயங்கி நின்ற மற்றவர்கள் இப்போது நிற்பதில்லை. அந்த அம்மையார் மட்டும் அதே இடத்தில் நின்று, உடன் யாராவது வந்து கையைப் பிடித்த பிறகே தாண்டுகிறார். கடைசி ஆறு மாதங்களில் கிழக்குத் தரை 1 மி.மீ. இறங்கியிருக்கிறது. அடுத்த அளவீடு மழைக்காலம் முடிந்ததும்; எடுத்தவுடன் இங்கே எழுதுகிறேன்.