'ரன்': எந்த இடத்தில் என்ன பொருள்? எதை மாற்றிப் போடலாம்?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பத்தியில் 'ரன்' நாலைந்து முறை வந்துவிடுகிறது. வேறு சொல் போடலாமென்று இணைச்சொல் அகராதியைப் பார்த்தால் மேனேஜ், ஆபரேட், ஃப்ளோ, எக்ஸிக்யூட் என்று பட்டியல் நீள்கிறது. எதைப் போட்டாலும் ஏதோ ஒரு வாக்கியம் கெட்டுப்போகிறது. பொருளைப் பிரித்தறிய வழி உண்டா?

மறுமொழி 1:
உண்டு. பட்டியலை மூடிவைத்துவிட்டு முதலில் வாக்கியத்தில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால் எழுவாய்தான் பொருளைச் சொல்லும். கால் உள்ளவை ஓடும். ஆறு பாயும், இங்கே 'ஃப்ளோ' சரி. மூக்கு ஒழுகும். துணியின் சாயம் இறங்கும். இதற்கு 'ப்ளீட்' பொருந்தும், 'ஃப்ளோ' பொருந்தாது. சாலையோ கம்பியோ எழுவாயாக வந்தால் அது செல்லும் வழியைச் சொல்கிறது: 'எக்ஸ்டெண்ட்'. படம், ஒப்பந்தம் என்றால் எவ்வளவு காலம் என்பதே பேச்சு: 'லாஸ்ட்'.

செயப்படுபொருள் இருந்தால் அதைப் பாருங்கள். பள்ளி, கடை, நிறுவனம் வந்தால் 'நடத்து', அங்கே 'மேனேஜ்' போடலாம். நிரல் வந்தால் 'எக்ஸிக்யூட்'. செய்தித்தாள் ஒரு செய்தியை 'ரன்' செய்தால் 'பப்ளிஷ்'. 'ரன் எ பாத்' என்றால் குளியல் தொட்டியில் நீர் நிரப்புவது, 'ஃபில்'. 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் இருக்கிறது, 'ஹேவ்' போதும். 'ரன் எ ரெட் லைட்' என்பது சிவப்பு விளக்கை மதிக்காமல் போவது.

தமிழர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. நமக்குப் படமும் ஓடும், கடிகாரமும் ஓடும், வண்டியும் ஓடும். அதனால் 'வண்டி ஓட்டினேன்' என்பதற்கு 'ஐ ரேன் த கார்' என்று கை தானாக எழுதிவிடும். அங்கே வரவேண்டியது 'ட்ரைவ்'. 'ரன் எ கார்' என்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கில், காரை வைத்துப் பராமரித்துச் செலவு செய்வது. 'ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்' என்பவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அர்த்தமில்லை. எரிபொருள், காப்பீடு, பழுதுபார்ப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் 'ரன்'னுக்குப் பின்னால் ஒரு சிறுசொல் ஒட்டிக்கொண்டால் அந்தக் கணக்கு செல்லாது. இரண்டையும் சேர்த்தே ஒரு வினையாகப் படிக்க வேண்டும்.

'ரன் அவுட்' தீர்ந்துபோவது. பால் எழுவாயானால் 'த மில்க் ரேன் அவுட்'. ஆள் எழுவாயானால் 'ஆஃப்' கட்டாயம்: 'வி ரேன் அவுட் ஆஃப் மில்க்'. இந்த 'ஆஃப்' விடுபடுவதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை.

'ரன் இன்டு' நண்பரோடு வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, சுவரோடு வந்தால் மோதுவது, சிக்கலோடு வந்தால் மாட்டிக்கொள்வது. 'ரன் ஓவர்' இன்னும் மோசம்: வண்டி ஏறுவது, கூட்டம் நேரம் தாண்டுவது, நீர் வழிவது, குறிப்பை ஒருமுறை வேகமாகப் பார்ப்பது எல்லாமே அதுதான். 'ரன் டவுன்' பேட்டரிக்குச் சக்தி தீர்வது, ஆளுக்கு மட்டம்தட்டப்படுவது. அதையே கட்டிடத்துக்கு அடைமொழியாக்கினால் பாழடைந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. 'ரன் லோ', 'ரன் லேட்' இவை எதில் சேரும்?

மறுமொழி 2:
இரண்டிலும் சேராது. பின்னால் பெயரடையோ நிலையைச் சொல்லும் சொல்லோ வந்தால் 'ரன்'னுக்கு 'ஆகு' என்ற அளவுதான் பொருள். 'ரன் ட்ரை' வற்றிப்போவது, 'ரன் ஷார்ட்' பற்றாக்குறை ஆவது. 'பிகம்', 'கெட்' போன்றவை சில இடங்களில் நிற்கும். 'ரன்னிங் லேட்'டை மட்டும் தொடாதீர்கள். அது அப்படியே இருக்கட்டும்.

மறுமொழி 3:
தேர்தலை விட்டுவிட்டீர்களே. அமெரிக்கர் 'ரன் ஃபார்' என்பார்கள், பிரிட்டிஷார் 'ஸ்டாண்ட் ஃபார்' என்பார்கள். இந்தியாவில் 'கன்டெஸ்ட்' வழக்கம். ஆனால் அமெரிக்க வாசகருக்கு 'கன்டெஸ்ட் தி எலெக்ஷன்' என்று எழுதினால், முடிவை எதிர்த்து முறையிடுகிறார் என்றே புரிந்துகொள்வார். வாசகர் யார் என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் மாற்றவே முடியாது. 'ரன் ஆன் எ பேங்க்' என்பது பணம் போட்டவர்கள் பயந்து ஒரே நேரத்தில் எடுக்க முண்டுவது. 'ட்ரை ரன்' ஒத்திகை. 'பிரிண்ட் ரன்' ஒரு தடவையில் அச்சிடும் பிரதிகள். இவற்றை உடைக்காமல் முழுத் தொடராகவே கற்றுக்கொள்ளுங்கள்.

அளவு தெரிய ஒரு தகவல்: 20 தொகுதிகளாக 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்'. பிற்காலத் திருத்தத்தில் 'ரன்' அதை முந்திவிட்டது; வினையாக மட்டும் 600-க்கு மேற்பட்ட பொருள்கள்.

கூடவே ஒரு திருத்தம்: 'ஹேஸ் ரேன்' என்று பலர் எழுதுகிறார்கள். 'ரேன்' தனி இறந்தகாலம். 'ஹேஸ்', 'ஹேட்' வந்தால் 'ரன்'தான். 'அவுட்ரன்', 'ஓவர்ரன்' இரண்டுக்கும் இதே விதி.