சைலோ: முதல் சீசன்ல எதைக் கவனிக்கணும்?

கேள்வி: நிலத்துக்கு அடியில அடுக்கடுக்கா மக்கள் வாழுற ‘சைலோ’ சீரிஸ்ல ரெண்டு எபிசோட் பார்த்தாச்சு. ஷெரிஃப் கதைன்னு நினைச்சா திடீர்னு அடித்தளத்துல இயந்திரங்களைப் பார்த்துக்கிற மெக்கானிக்கல் பிரிவுக்குப் போகுது. வர்க்கச் சண்டை எங்கே பிடிபடும்?

பதில் 1: படிக்கட்டைப் பாருங்க. 144 தளம், பத்தாயிரம் பேர், லிஃப்ட் கிடையாது. மேயர், நீதித்துறை எல்லாம் மேலே. ஜெனரேட்டர் ஓட்டுறவங்க அடியில. கீழேயிருந்து வந்த ஜூலியட் ஷெரிஃப் ஆனா மேலே இருக்கிறவங்க முகம் சுளிக்காம என்ன செய்வாங்க?

பதில் 2: 3ஆவது எபிசோடை அவசரப்படாம பாருங்க. டர்பைன் பிளேடைச் சரிசெய்ய ஜெனரேட்டரை நிறுத்தணும். நீராவியை அடைச்சா அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். சைலோவோட உயிரே கீழ்த்தளத்துக்காரங்க கையிலதான்னு அங்கே தெரியும்.

பதில் 3: சைலோவை விட்டு வெளியே அனுப்பப்படுறவங்க உடையில சுத்துற டேப் மேல ஒரு கண் வைங்க. இதுக்கு மேல சொன்னா ஸ்பாய்லர். காட்சியெல்லாம் ஒரே இருட்டு. டிவியில எனர்ஜி சேவிங்கை அணைச்சிடுங்க.